ரேட்டைக் குறைத்ததும் இறங்கிய கார்பன் டை ஆக்சைடு

சி.ஓ.பி.டி (மூச்சுக்குழாய்கள் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்) நோயாளி வென்டிலேட்டரில் இருக்கிறார், ஏபிஜியில் (தமனி ரத்த வாயுப் பரிசோதனையில்) கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்கிறது என்றால், பலருடைய கை முதலில் போவது ரேட்டை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை, கூட்டத்தான். அண்மையில் எங்கள் ஐ.சி.யூ.வுக்கு வந்த பெரியவர் ஒருவருக்கு நடந்ததும் அதுதான். அந்த இரவின் ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. டியூட்டியில் இருக்கும் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

வேறோர் இடத்தில் டியூப் போட்டு ஆம்புலன்ஸில் அனுப்பியிருந்தார்கள். கூட வந்த தாளில் ‘கார்பன் டை ஆக்சைடு அதிகம், ரேட் கூட்டப்பட்டது’ என்று ஒரே வரி. எவ்வளவு அதிகம், எப்போது எடுத்த ஏபிஜி, எதுவும் இல்லை. பிரஷர் கன்ட்ரோல் (மூச்சின் அளவை அல்ல, அழுத்தத்தை நிர்ணயிக்கும் முறை), ரேட் 30. பி.பி. 80-க்குக் கீழே போனதால் வழியிலேயே பி.பி.யை ஏற்றும் நார்அட்ரினலின் ஓட ஆரம்பித்திருந்தது.

ஏபிஜி பார்க்கலாம் என்றால் எங்கள் மெஷினில் கார்ட்ரிட்ஜ் தீர்ந்திருந்தது. புதியதற்குப் போட்ட இண்டென்ட் யாரோ ஒருவரின் கையெழுத்துக்காக மேசையில் கிடக்கிறதாம். அடுத்த கட்டட லேபுக்குச் சாம்பிளைக் கொடுத்து அனுப்பினால், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்) இன்னும் விழவில்லை என்று கவுண்டரில் வாங்க மறுத்துவிட்டார்கள். எண் விழுவதற்குள் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவ்வளவு நேரம் வெளியில் கிடந்த ரத்தத்தை நம்ப முடியாது. அதிலுள்ள செல்கள் ஆக்சிஜனைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். மறுபடியும் குத்த வேண்டியதாயிற்று. ஓர் எண்ணுக்காக அந்த மனிதருக்கு இன்னொரு ஊசி வலி.

சாம்பிள் எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காற்றுக் குமிழியை உடனே வெளியேற்றுங்கள், சிரிஞ்சில் ஹெபாரின் (ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மருந்து) தேங்க விடாதீர்கள். இரண்டுமே கார்பன் டை ஆக்சைடைக் குறைத்துக் காட்டும். எண்ட் டைடல்தான் (வெளிமூச்சின் முடிவில் மானிட்டர் அளக்கும் கார்பன் டை ஆக்சைடு) ஓடுகிறதே என்று ஏபிஜியைத் தள்ளிப்போடவும் கூடாது. இவருக்கு மானிட்டரில் 54, ரத்தத்தில் 88. பிஎச் 7.16, அதாவது ரத்தம் அமிலமாகிவிட்டது.

நல்லவேளையாக ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. வென்டிலேட்டர் திரையிலேயே விடை இருந்தது. ஃப்ளோ கிராஃபில், வெளிமூச்சின் கோடு பூஜ்யத்தைத் தொடும் முன்பே அடுத்த மூச்சு உள்ளே போய்க்கொண்டிருந்தது. ரேட் 30 என்றால் ஒரு மூச்சுக்கு 2 நொடி. உள்ளே தள்ள 0.8 நொடி போனால், வெளியே விட மிச்சம் 1.2 தான். சுருங்கிப்போன மூச்சுக்குழாய்களுக்கு அது போதவே போதாது. ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் காற்று உள்ளேயே தங்கிவிடும். வெளிமூச்சின் முடிவில் ஒரு கணம் நிறுத்தி (எக்ஸ்பிரேட்டரி ஹோல்டு) பார்த்தோம்: ஆட்டோ பீப், அதாவது தேங்கிய காற்றின் அழுத்தம், 11. நெஞ்சுக்குள் இப்படி அழுத்தம் ஏறினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். டியூபிலிருந்து சர்க்யூட்டைக் கழற்றி 20 நொடி விட்டோம். நீளமாகக் காற்று வெளியேறியது, பி.பி. 100-ஐத் தாண்டியது. நார்அட்ரினலினைக் குறைக்க முடிந்தது. அப்போது எனக்கு வந்த நிம்மதியை எழுதிக் காட்டத் தெரியவில்லை.

பிறகு ரேட்டை 14-க்கு இறக்கினோம். வெளியே விட இப்போது ஏறக்குறைய 3.5 நொடி. அடுத்த ஷிஃப்ட் டாக்டர் வந்ததும், மினிட் வென்டிலேஷன் (நிமிடத்துக்குப் போகும் மொத்தக் காற்று) குறைந்துவிட்டதே என்று மறுபடி கூட்டப் போனார். கணக்குப் போட்டுக் காட்டித்தான் நிறுத்த முடிந்தது. ரேட் 30-ல் டைடல் வால்யூம் (ஒரு மூச்சின் அளவு) 220 மில்லி. உள்ளே தேங்கிய காற்றின் அழுத்தம், நாம் கொடுக்கும் பிரஷரைத் தின்றுவிட்டதால் அவ்வளவுதான் போயிற்று. மொத்தம் 6.6 லிட்டர். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் டெட் ஸ்பேஸுக்கு (வாயுப் பரிமாற்றம் நடக்காத பகுதிக்கு) 150 மில்லி கழித்தால், ஆல்வியோலை எனும் காற்றுப்பைகளுக்குச் சேர்வது 2.1 லிட்டர்தான். ரேட் 14-ல் அதே பிரஷருக்கு 430 மில்லி போனது. மொத்தம் 6 லிட்டர், சேர்வது 3.9. இவர்களுக்கு டெட் ஸ்பேஸ் 150-ஐவிடக் கூடுதலாகவே இருக்கும், அதனால் சின்ன மூச்சின் நஷ்டம் இன்னும் மோசம். டியூபில் மாட்டும் ஃபில்டரும் கேத்தடர் மவுண்டும் அதன்மேல் கொஞ்சம் சேர்க்கும். அவற்றைச் சின்னதாக மாற்றினோம்.

ஏ.ஆர்.டி.எஸ் (அழற்சியால் நுரையீரல் திடீரென விறைத்துப்போகும் நிலை) கதை வேறு. 2000-ல் வந்த ஆர்ட்ஸ்நெட் ஆய்விலேயே, உயரத்திலிருந்து கணக்கிட்ட எடைக்குக் கிலோவுக்கு 6 மில்லி என்று மூச்சைச் சின்னதாக்கி, ரேட்டை 35 வரை போக அனுமதித்தார்கள். விறைத்த நுரையீரல் சீக்கிரம் காலியாகிவிடும், தாங்கும். கோவிட் காலத்தில் அந்தப் பழக்கம் நம் எல்லோருடைய கையிலும் ஏறிவிட்டது. அதே கையோடு சி.ஓ.பி.டி படுக்கைக்குப் போனால்தான் வினை.

காலை ஏபிஜியில் கார்பன் டை ஆக்சைடு 62, பிஎச் 7.31, ஆட்டோ பீப் 4. இன்னும் இறக்கி இயல்பான 40-க்குக் கொண்டுவரலாமே என்று கேட்டார்கள். அங்கேதான் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இல்லாத குறை தெரிந்தது. மகளிடம் கெஞ்சி, வீட்டில் தேடச் சொல்லி, வாட்ஸப்பில் வாங்கினோம். நோய் அடங்கியிருந்த நாளிலேயே அவருக்குக் கார்பன் டை ஆக்சைடு 58, அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 30. அவரை 40-க்கு இழுத்திருந்தால் சிறுநீரகம் அந்தப் பைகார்பனேட்டை வெளியேற்றிவிடும். டியூபை எடுத்தபின் தன் பழைய 58-க்கு ஏறும்போது பிஎச் விழுந்திருக்கும். 62-லேயே நிறுத்தினோம்.

மற்றதெல்லாம் தடையில்லாமல் நடந்தது: டியூப் எடுத்து, டியூப் இல்லாமல் மூச்சுக்கு உதவும் பைபேப் மாஸ்க், அப்புறம் வார்டு. அவருடைய புதிய டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரியிலேயே 58, 30 என்ற எண்களையும், ‘மறுபடி வென்டிலேட்டர் தேவைப்பட்டால் ரேட்டைக் கூட்டும் முன் ஆட்டோ பீப் பார்க்கவும்’ என்பதையும் எழுதி, ஒரு பிரதியை எப்போதும் கூடவே வைத்திருக்கச் சொல்லி மகளிடம் கொடுத்தோம்.