செவலை போகும் வியாழக்கிழமை

காட்பாடியில் எங்கள் தெருவோரம் குட்டியாகக் கிடைத்தவள் செவலை. நாட்டு நாய்தான். யார் தடவினாலும் அவர்கள் காலிலேயே சாய்ந்துகொள்வாள். பள்ளி ஒன்றில் மனநல ஆலோசகராக இருக்கும் என் தோழி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "இவளை எங்க பசங்ககிட்ட கூட்டிட்டு வர்றியா?" என்று கேட்டாள். 1960களிலேயே நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற உளவியலாளர், பேசாத பிள்ளைகள் தன் நாய் ஜிங்கிள்ஸிடம் ஒட்டிக்கொண்டதை எழுதி வைத்திருக்கிறார் என்றும் சொன்னாள்.

தலைமையாசிரியை முதலில் முடியாது என்றுவிட்டார். தெருநாய் கடித்து ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகள் அந்தப் பள்ளியிலேயே உண்டு. அவர் பயம் நியாயமானது, நான் வாதாடவில்லை. வருடா வருடம் போட்ட ரேபிஸ் தடுப்பூசி அட்டை, குடற்புழு மருந்து கொடுத்த விவரம், கால்நடை மருத்துவரின் சான்று எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொரு பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கினோம். முடி ஒவ்வாமை உள்ளவர்களையும் நாயென்றால் நடுங்குபவர்களையும் சேர்க்கவில்லை.

இதைவிட நாள் பிடித்தது செவலையைப் பழக்குவதுதான். எவர்சில்வர் தட்டைக் கீழே போடுவேன், மணியடிப்பேன், தெருப் பிள்ளைகளைக் கத்திக்கொண்டு ஓடச் சொல்வேன். மூன்று மாதம் ஆயிற்று. சாதுவான நாயாக இருந்தால் மட்டும் போதாது. அந்நியர் கூட்டத்துக்கு நடுவில் இருப்பது அதற்கே பிடிக்க வேண்டும். பிடிக்காத நாயை இழுத்துக்கொண்டு போவது பாவம் என்று இப்போதும் நினைக்கிறேன். வேலூர் வெயிலில் சிமென்ட் தரை பாதத்தைச் சுட்டுவிடும் என்பதால் காலை நேரமே கேட்டு வாங்கினேன்.

முதல் வியாழன், ஆறு பிள்ளைகள். நாயைக் கூப்பிடக் கூடாது, அவளாக வரட்டும் என்று சொல்லிவைத்தோம். உதட்டை நக்கினாலோ, சும்மா சும்மா கொட்டாவி விட்டாலோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ அவளுக்குப் போதும் என்று அர்த்தம், கையை எடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தோம். வகுப்பில் யாரையாவது அடித்துவிட்டு மேசைக்கடியில் போய் உட்காரும் பையன் ஒருவன் அன்றும் அங்கேதான் இருந்தான். செவலை அரை மணி நேரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு அவளாகவே மேசைக்கடியில் நுழைந்து அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள். அவன் ஒரே ஒரு விரலால் அவள் காது மடலை மடித்து, விட்டு, திரும்ப மடித்துக்கொண்டே இருந்தான். நான் மூச்சுக்கூட மெதுவாக விட்டேன்.

நான்காவது வாரம் நான் தோழியோடு பேசிக்கொண்டிருந்ததில் செவலையைக் கவனிக்கத் தவறினேன். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு தடவிக்கொண்டிருந்தார்கள். மேசைக்கடியிலிருந்து குரல் வந்தது.

"ஏய், விடுங்கடா. ரெண்டு தபா கொட்டாவி வுட்டுச்சு. அதுக்குப் போதும்."

எல்லாக் கைகளும் நின்றன. அவனே வெளியே வந்து, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அவள் முன்னால் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி உட்கார்ந்தான்.