வைஃபை உள்நுழைவுக்கு இரண்டு எல்டாப் சேர்வர்: ஃப்ரீரேடியஸில் எங்கே பிசகுகிறது

யாழ்ப்பாணத் தலைமை அலுவலகத்தில் ஓப்பன்எல்டாப் சேர்வர் (பயனர் பெயர், கடவுச்சொல் வைத்திருக்கும் எல்டாப் கோப்பகம்) ஒன்று, கிளிநொச்சிக் கிளையில் அதன் பிரதி. நல்ல ஏற்பாடுதான். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து ஒரே யூபிஎஸ்ஸில் கொழுவியிருந்தால் கரண்ட் நிற்கும்போது சேர்ந்தே விழுந்திருக்கும். ஆனால் இரண்டாவது சேர்வர் இருக்கிறது என்பதற்காக உள்நுழைவு தானாக அதற்கு மாறிவிடாது.

வைஃபை உள்நுழைவைச் சரிபார்க்கும் மென்பொருளான ஃப்ரீரேடியஸ் 3 இல் ஒவ்வொரு எல்டாப் சேர்வருக்கும் தனி எல்டாப் மொடியூல் எழுதி, இரண்டையும், ஒன்று விழுந்தால் அடுத்ததை நாடும் ‘ரிடண்டண்ட்’ அடைப்புக்குள் வரிசையாகப் போடுங்கள். பலர் இதை, பயனரைத் தேடும் ‘ஆதரைஸ்’ பகுதியோடு நிறுத்திவிடுகிறார்கள். கடவுச்சொல்லை மறைகுறியாக்கிய குழாய்க்குள் அனுப்பும் டிடிஎல்எஸ்-பாப் முறையில், அதை எல்டாப் பைண்ட் (அந்தக் கடவுச்சொல்லோடு எல்டாப் சேர்வரில் நுழைந்து பார்ப்பது) மூலம் சரிபார்ப்பதானால் ‘ஆதென்டிகேட்’ பகுதியிலும் அதே அடைப்பு வேண்டும். அதுவும் அந்தக் குழாய்க்குள் வருவதைக் கையாளும் ‘இன்னர் டனல்’ கோப்பில். ‘டிஃபோல்ட்’ கோப்பை மட்டும் திருத்திப் பலனில்லை.

எல்டாப் மொடியூலின் பூல் (இணைப்புத் தொகுப்பு) அமைப்பில் ‘ஸ்டார்ட்’ மதிப்பை, அதாவது தொடக்கத்திலேயே திறக்கும் இணைப்புகளின் எண்ணிக்கையை, 0 ஆக்குங்கள். இல்லாவிட்டால் எல்டாப் சேர்வர் ஒன்று கிடைக்காதபோது ஃப்ரீரேடியஸே எழும்பாது. நீண்ட மின்தடைக்குப் பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் எழும்புகையில் முதலில் காலை வாருவது இதுதான்.

சேவையை நிறுத்திப் பரிசோதித்தால் போதாது. நிறுத்திய சேர்வர் உடனே இணைப்பை மறுக்கும், மாற்றமும் உடனே நடக்கும். டிஸ்க் திணறும் சேர்வரும் அறுந்த ஃபைபரும் பதிலே தராது. ஆகவே லினக்ஸ் ஃபயர்வோலான ஐபிடேபிள்ஸில் 636 ஆம் போர்ட்டுக்கு (மறைகுறியாக்கிய எல்டாப், அதாவது எல்டாப்எஸ்) மறுப்பு அனுப்பும் ‘ரிஜெக்ட்’ அல்ல, பதிலே அனுப்பாத ‘ட்ரொப்’ போட்டுப் பாருங்கள். ஃப்ரீரேடியஸோடு கூடவே வரும் அமைப்பில் எல்டாப் பதிலுக்குக் காத்திருக்கும் ‘ரெஸ்_டைம்அவுட்’ 10 விநாடி. சிஸ்கோ ஐஓஎஸ் சுவிட்ச் இயல்பாக 5 விநாடிதான் பொறுக்கும், பிறகு கோரிக்கையைத் திரும்ப அனுப்பும். ஆகவே ‘ரெஸ்_டைம்அவுட்’ மதிப்பை 2 அல்லது 3 ஆகக் குறைப்பதே என் பரிந்துரை. எல்டாப்எஸ்ஸுக்கு ஐபி முகவரி வேண்டாம், சான்றிதழில் உள்ள பெயரையே கொடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால்தான் அடுத்த சேர்வருக்கு மாற்றம் நடக்கும். பிழையான பதில் வந்தால் நடக்காது. பிரதியில் பழைய கடவுச்சொல் கிடந்தால், அதை மாற்றியவரைப் பிரதி மறுத்துவிடும், கதை அங்கேயே முடிந்தது. இரு சேர்வரிலும் ‘கொன்டெக்ஸ்ட்சிஎஸ்என்’ (கடைசி மாற்றத்தைக் குறிக்கும்) மதிப்பு ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அடிக்கடி பார்க்கட்டும்.

லினக்ஸ் ஆய்வுகூடக் கணினிகளுக்கு, எல்டாப் மூலம் உள்நுழைவைக் கவனிக்கும் எஸ்எஸ்எஸ்டி சேவை இருக்கிறது. பிரதியை ‘எல்டாப்_பேக்கப்_யூஆர்ஐ’ வரியில் கொடுத்தால், முதன்மை சேர்வர் திரும்பிவிட்டதா என்று 31 விநாடிக்கொரு தடவை அதுவே பார்த்து மாறிக்கொள்ளும். உள்நுழைவு விவரத்தைக் கணினியிலேயே சேமித்துவைக்கும் ‘கேஷ்_கிரெடென்ஷியல்ஸ்’ இயல்பில் அணைந்திருக்கும். அதை இயக்கிவிட்டால் இரண்டு சேர்வரும் இல்லாத வேளையிலும், அந்தக் கணினியில் முன்பு உள்நுழைந்தவர்கள் மறுபடி நுழையலாம்.