விசாகா கமிட்டியில் புகார் கொடுத்த கதை

நான் டிவி சேனல் நிருபர். என் பீட், அதாவது நான் செய்தி சேகரிக்கும் துறை, சட்டமன்றமும் தலைமைச் செயலகமும். எனக்கு மேலே இருந்தவர் ராத்திரி நேரத்தில் அனுப்பும் வாட்ஸ்அப்புக்குப் பதில் போடுவதை நிறுத்தினேன். கொஞ்ச நாளிலேயே சமையல் போட்டி, கோலப் போட்டி, மலர்க் கண்காட்சி என்று அசைன்மென்ட் வர ஆரம்பித்தது. "லேடீஸுக்கு இதுதாம்மா சேஃப்" என்று விளக்கம் வேறு.

பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் உள் குழுவை ஆபீஸில் எல்லோரும் 'விசாகா கமிட்டி' என்றுதான் சொல்வார்கள். நடைமுறை, பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். ஆதாரங்கள், சாட்சிகளின் பெயர், முகவரியோடு 6 பிரதி.

"தொடவே இல்லையே, பீட் மாற்றியதெல்லாம் எடிட்டோரியல் முடிவு" என்றார் எச்.ஆர். இங்கேதான் பலரும் திரும்பிவிடுகிறார்கள். பாலியல் தொல்லையை ஒட்டி வேலையில் குறுக்கிடுவதையும், பாதகமாக நடத்துவேன் என்று வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ மிரட்டுவதையும் சட்டத்தின் பிரிவு 3 சேர்த்தே சொல்கிறது. அதனால் இரண்டு அச்சுப்பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்: ஒன்று தேதியோடு வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட், இன்னொன்று அதே வாரங்களின் அசைன்மென்ட் ஷீட். மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் குழுவின் வெளி உறுப்பினர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தார்.

விசாரணைக்கு 90 நாள். அதுவரை அந்த மேலதிகாரியிடமே லீவும் அப்ரைசலும் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? என் வேலையை அவர் மதிப்பிடக் கூடாது என்று இடைக்கால நிவாரணம் எழுதிக் கேட்டேன். கேட்காமல் கிடைக்காது, யாரும் சொல்லவும் மாட்டார்கள். என்னைக் கேட்டால் இந்தச் சட்டத்தில் நிருபருக்கு அதிகம் உதவுவது இதுதான்.

நடுவில் 'பேசி முடிச்சுக்கலாமே' வந்தது. சமரசம் புகார் கொடுத்தவள் கேட்டால்தான் உண்டு, நான் கேட்கவில்லை. வக்கீல் உள்ளே வரக்கூடாது, இரு தரப்புக்கும்தான். கேள்விகளுக்கு நானே பதில் சொன்னேன். ஒன்று: "ஏன் உடனே பிளாக் பண்ணல?" மேலதிகாரியை பிளாக் செய்துவிட்டு மறுநாள் அசைன்மென்டை யாரிடம் வாங்குவதாம்!

பெயரோ நிறுவனமோ எழுத மாட்டேன். பிரிவு 16 தடுக்கிறது. அடையாளம் காட்டாமல், கிடைத்த நியாயத்தைச் சொல்ல அதே பிரிவு இடம் தருகிறது. அந்த மேலதிகாரியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். சட்டமன்றம் எனக்குத் திரும்ப வந்தது. அந்த வருஷ இன்கிரிமென்ட் வரவில்லை, அதற்குத் தனியாக எழுதிப் போட்டிருக்கிறேன்.

மாவட்டத்தில் ஸ்ட்ரிங்கராக, அதாவது நிரந்தர வேலையில் இல்லாத நிருபராக, இருப்பவர்களுக்கு ஒன்று: ஒப்பந்தமோ தினக்கூலியோ, இந்தச் சட்டத்தில் நீங்களும் ஊழியர்தான். 10 பேருக்குக் குறைவான அலுவலகம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் (லோக்கல் கமிட்டி) போகலாம்.