அப்பாவின் வாய் வாடையும் ஆரத்திச் சுண்ணாம்பும்

அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது, வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ், அதாவது மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது. எங்கள் ஊர் தன்லினிலிருந்து பாலம் தாண்டி ரங்கூன் போய், நான்கு மணி நேரம் படுத்துவிட்டு வர வேண்டும். போகும்போது டாக்சியில் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் வாயிலிருந்து மூத்திர நெடி மாதிரி ஒன்று அடிக்கும். திரும்பி வரும்போது அது முக்கால்வாசி போயிருக்கும்.

நோய் தெரிவதற்கு முன்பே இந்த வாடை இருந்தது, அதுதான் எனக்கு ஆறவே ஆறாத வருத்தம். "வெத்தலை போடுறவன் வாய் மணக்கவா செய்யும்" என்பார் அப்பா, நாங்களும் குன்யா என்கிற வெற்றிலைச் சுருள் மேலும், ஙப்பி என்கிற மீன் விழுது மேலும் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிட்டோம். பத்து வருஷமாகச் சர்க்கரையும் பிரஷரும் உள்ள மனுஷன், ஊசி என்றால் பயம், ரத்தம் கொடுக்க வரவே மாட்டார். கால் வீங்கி மூச்சு வாங்கின பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அதனால்தான் ஊதினால் போதும், ஒளியை வைத்துச் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் சென்சார்களைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிக்கிறேன். சிறுநீரகம் வெளியேற்ற முடியாத யூரியா ரத்தத்தில் தேங்கி எச்சிலிலும் இறங்குகிறது, வாயில் இருக்கும் பாக்டீரியா அதை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. நல்ல உடம்புக்காரர் மூச்சில் அது நூறு கோடிப் பங்கில் சில நூறு பங்கு, சிறுநீரகம் செயலிழந்தவருக்குச் சில ஆயிரம் வரை போகும். 1964-ல் கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடித்த குமார் பட்டேலும் அவரோடு சேர்ந்தவர்களும் 2001-ல் டயாலிசிஸ் நோயாளிகளின் மூச்சை அதே வகை லேசரால் அளந்தார்கள். ஒளியை விழுங்கிய அம்மோனியா சூடாகி எழுப்பும் மெல்லிய ஒலியை மைக் பிடிக்கும். டயாலிசிஸ் நடக்க நடக்க, ரத்தத்தில் யூரியா இறங்குவதோடு மூச்சில் அம்மோனியாவும் இறங்கியது. டாக்சியில் என் மூக்குக்குத் தெரிந்ததை அவர்கள் எண்ணாக எழுதியிருந்தார்கள், படித்தபோது கண் கலங்கிவிட்டது.

விலை குறைவான வழி சாயம். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டதும் சிவக்கிறதே, அதே சங்கதிதான். அம்மோனியாவும் சுண்ணாம்பு மாதிரி காரத்தன்மை உள்ளது, பட்டால் சாயம் நிறம் மாறும். கண்ணாடி இழையில் பாலிஅனிலின் மாதிரி நிறம் மாறும் பாலிமர் ஒன்றைப் பூசி உள்ளே ஒளியை விட்டால், பச்சை நீலமாகத் திரும்புவதைக் கண்ணுக்குத் தெரியாத அளவிலேயே கருவி பிடித்துவிடும்.

சரி, எங்கள் ஊரில் இதற்கு ஒரு பெரிய சிக்கல் உண்டு, அது வெற்றிலை. வாயில் காரத்தன்மை ஏறினால் எச்சிலிலிருந்து அம்மோனியா அதிகமாகக் கிளம்பும், சுண்ணாம்போ அந்தத் தன்மை உள்ளதேதான். புளிப்பான தண்ணீரால் கொப்பளித்தால் அளவு குறைந்துவிடும். அப்படியென்றால் வாய்வழி ஊதுவது பாதி வாயின் கதை, பாதிதான் ரத்தத்தின் கதை. மூக்கு வழியாக விடும் மூச்சில் இந்தக் குழப்பம் குறைவு, நம்மவர்களுக்குக் கருவி செய்கிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் திடமான எண்ணம். மூச்சின் ஈரம் வேறு இருக்கிறது, அம்மோனியா ஈரத்திலும் குழாய்ச் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய குறை, யூரியா ஏறுவதே தாமதமாகத்தான். சிறுநீரகத்தின் திறன் பாதியாகக் குறையும் வரைகூட ரத்தத்தில் சரியாகத் தெரியாமல் போகலாம், பிறகு மூச்சில் எப்படித் தெரியும்? சர்க்கரைக்காரர்களுக்குப் பெரும்பாலும் முதலில் தடம் விடுவது சிறுநீரில் இறங்கும் அல்புமின் என்ற புரதம். ஆனாலும் ஊசிக்குப் பயந்து ஒளிகிற அப்பாக்களை ஒரு தடவை ஊதவைத்து, ஏறியிருக்கிறது என்று காட்டி ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக முடிந்தாலே எனக்கு அது போதும்.

அது வரும்வரை கையில் இருப்பது மூத்திர ஸ்ட்ரிப். அதுவும் சாயம்தான், புரதம் இருந்தால் மஞ்சள் பச்சையாகும். கொஞ்சமாக இறங்கினால் காட்டாது, அதற்கு லேபில் அல்புமின் பார்க்கச் சொல்லி சயாமா (டாக்டரம்மா) சீட்டு எழுதித் தந்திருக்கிறார். தம்பிக்கும் போன வருஷம் சர்க்கரை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை கரண்ட் இல்லை, ஸ்ட்ரிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு இருவரும் பார்த்தோம். ஒரு நிமிஷம் ஆயிற்று, மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.