மருமகள்னா எந்த மருமக?

2024 கடைசியில இலங்கையில தொகைமதிப்புக்கு, அதான் சென்சஸுக்கு, வீடு வீடா போனவங்கள்ல நானும் ஒருத்தி. மலையகத்துல ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், பேர் வேணாம். 2012க்கு அப்புறம் அப்பதான் நாடு முழுக்க எண்ணினாங்க, அந்த தடவ கையில டெப் (டேப்லெட்) வேற, லயத்து, அதான் தோட்டத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஏதோ கேம் காட்டப் போறேன்னு நெனச்சு பின்னாலேயே வந்துச்சுங்க.

வயசு, படிப்பு, தண்ணி எங்கருந்து வருது, இதெல்லாம் டக்கு டக்குன்னு முடிஞ்சிரும். சிக்குறது ஒரே கேள்விதான், குடும்பத் தலைவருக்கு இவங்க என்ன உறவு.

மொதல்ல குடும்பம்னா எதுங்கிறதே பஞ்சாயத்து. கணக்குக்கு ஒன்னா சமைச்சு சாப்புடுறவங்கதான் ஒரு குடும்பம். ஒரு வீட்டுல ஒரே காம்பரா, ஒத்த ரூம்தான், உள்ளுக்கு ஒரு அடுப்பு, இஸ்தோப்புல, அதான் முன் தாழ்வாரத்துல, பலகை அடிச்சு இன்னொரு அடுப்பு. மாமியார் "ஒரே குடும்பந்தான் பிள்ள"ங்குது, பலகைக்கு அந்தப்பக்கம் இருந்து "ரெண்டு!"ன்னு சத்தம். ரெண்டுன்னே போட்டேன், சட்டிபானை பொய் சொல்லாதுல்ல.

அப்புறம் தலைவர் யாரு. விடிஞ்சா மலைக்குப் போயி கொழுந்தெடுத்து வீட்ட ஓட்டுறது பொம்பள, கேட்டா வாசல்ல குந்தியிருக்க புருஷனக் காட்டுது. அவங்க யார சொல்றாங்களோ அவருதான், நான் வாதாடக்கூடாது. எரிச்சலோட எழுதினேன்.

பெரிய கூத்து மருமகதான். நம்ம பாஷையில மகன் பொண்டாட்டியும் மருமக, அக்கா மகளும் மருமக. ஆனா படிவத்துல மகன் பொண்டாட்டிக்கு தனி இடம், அக்கா மக போய் 'வேறு உறவினர்'ல விழுவா. ஒரு வீட்டுல தலைவர் ஏழு வயசுப் பிள்ளையக் காட்டி மருமகள்னாரு, நான் பழக்க தோஷத்துல "மகன் எங்க?"ன்னுட்டேன், மனுசனுக்கு கல்யாணமே ஆகலயாம், லயமே சிரிச்சிருச்சு. இன்னொரு வீட்டுல தலைவி ஒரு பாட்டி, மகன் அக்கா மகளையே கட்டியிருக்காரு. மருமகளா பேத்தியான்னா "ரெண்டுந்தான், எது எழுதுனா ஒனக்கு லேசு"ங்குது. மருமகள்னு போட்டேன், பேத்தி அதோட காணாமப் போயிட்டா.

அந்த கல்யாணமாகாத மாமன் வீட்டுக்கு திரும்ப வாறேன். பிள்ளையோட அம்மா குவைத்துல. வளக்குறது அம்மாயி, அம்மாவோட அம்மா. நான் இருந்த நேரம் பூரா பிள்ளைய மடியில சாச்சு பேன் சீப்பால சீவிக்கிட்டே பதில் சொல்லுச்சு, பிள்ள அத "அம்மா"ன்னுதான் கூப்புடுது. படிவத்துல அம்மாயி தலைவரோட தாய், பிள்ள வேறு உறவினர். ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன உறவுன்னு எங்கயும் எழுத எடமில்ல, எல்லா கோடும் தலைவர்கிட்டத்தான் போயி முட்டுது. இங்கிலாந்துல 2001ல இருந்து ஒவ்வொருத்தரும் வீட்டுல இருக்க மத்தவங்களுக்கு என்ன உறவுன்னும் சென்சஸ்ல கேக்குறாங்க. நம்ம லயத்துல அப்படிக் கேட்டா ஒரு வீட்டுக்கே ஒரு பகல் போயிரும்தான், ஆனாலும் அன்னைக்கு எனக்கு அந்தக் கட்டம் தேவைப்பட்டுச்சு.

அம்மாயி மொதல்ல பேர் சொல்லவே தயங்குச்சு. 1964ல இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல, இந்திய வம்சாவளி நம்ம ஆளுகள்ல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கன்னு பிரிச்சாங்கல்ல, அப்ப அதோட அக்கா, புருஷன் வீட்டோட தனியா எழுதிக் குடுத்து, தலைமன்னாருல கப்பல் ஏறிருச்சு. அதுக்கப்புறம் பாக்கவே இல்லயாம். பேர் எழுத வந்தாங்கன்னா அதுக்கு அந்த ஞாபகந்தான்.

எழும்பும்போது கேட்டுச்சு, "மூணு பேரையும் ஒரே கடுதாசியிலதானே எழுதுன?"

டெப்ப திருப்பி மூணு பேரும் ஒன்னுக்குக் கீழ ஒன்னா இருக்கதக் காட்டினேன். கண்ணாடி இல்லாம மூக்குகிட்ட வச்சுப் பாத்துச்சு. அப்புறந்தான் தேத்தண்ணி ஊத்தப் போச்சு.