ஆமைத் தடம் தேடி ஓர் இரவு

"டார்ச் வேண்டாம். செல்போனும் பைக்குள்ளயே இருக்கட்டும்" என்றார் எங்களை அழைத்துப் போக வந்த கல்லூரி மாணவர். நீலாங்கரைக் கடற்கரை, பிப்ரவரி மாதத்து நள்ளிரவு. வெளிச்சம் கண்டால் கரையேற வரும் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடுமாம். அங்கிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும்.

கூட்டத்தில் ஒரு வங்கி ஊழியர், ஒரு இல்லத்தரசி, அப்பாவோடு வந்த பத்தாம் வகுப்புப் பையன். விலங்கியல் படித்தவர் யாரும் இல்லை. கடலாமைகளைக் காக்க 1988இல் மாணவர்கள் தொடங்கிய எஸ்.எஸ்.டி.சி.என். (மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு) இப்படித்தான் பொதுமக்களையும் சேர்த்துக்கொண்டு நடக்கிறது.

முதலில் கண்டது இறந்து ஒதுங்கிய ஓர் ஆமையை. பங்குனி ஆமை. கடலாமைக்கும் நுரையீரல்தான், இழுவலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. செய்தியாகப் படித்தது வேறு, காலடியில் பார்ப்பது வேறு. பையன் வெகுநேரம் பேசவே இல்லை.

இரண்டு மணிக்கு மேல் தடம் தெரிந்தது. சிறிய டிராக்டர் ஏறி இறங்கியதுபோல மணலில் இரட்டை வரிசை. முடிவில் கலைந்த மணல். மாணவர் குச்சியால் மெல்லக் குத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் குச்சி சட்டென்று உள்ளே இறங்கியது. தோண்டச் சொன்னார். முழங்கை தாண்டிக் கை போனபிறகு விரலில் பட்டது, மெத்தென்ற தோலோடு முதல் முட்டை.

"மெதுவா அண்ணா, முட்டையச் சுத்திடாதீங்க."

113 முட்டைகள். இட்ட சில மணி நேரத்துக்குள் இடம் மாற்றினால்தான் கரு பிழைக்கும். அங்கேயே விட்டால் நாயும் நரியும் தோண்டிவிடும். பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், ஒன்றரை அடிக்குக் குடம்போலக் குழி வெட்டி வைத்தோம். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது என்பதால் ஆழம் மாறக் கூடாது.

ஏறத்தாழ 50 நாள் கழித்து மாலையில் மறுபடி போனேன். குஞ்சுகள் வெளிச்சமுள்ள பக்கம் நகரும். ஒரு காலத்தில் இரவில் வெளிச்சமான பக்கம் கடல்தான். இன்றோ சாலை விளக்கு. கரையோர வீட்டுக்காரர்கள் ஜனவரி முதல் சில மாதம் கடல் பார்த்த விளக்குகளை அணைத்தாலே எத்தனையோ குஞ்சு பிழைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்று ஒன்று திசை மாறிச் சாலைப் பக்கம் திரும்பியது. நாங்கள் அந்தப் பக்கம் வரிசையாக நின்று வெளிச்சத்தை மறைத்தோம். மெல்லத் திரும்பி அலைக்குள் போனது.

அந்தப் பையனும் வந்திருந்தான். "98 அங்கிள்" என்றான். பொரியாத பதினைந்தை நினைத்து அவனுக்கு வருத்தம். அடுத்த ஜனவரி நடைக்கு அப்போதே பெயர் கொடுத்தான். அவன் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதிவிட்டு வந்தேன்.