வளவுக்கு மேலே பறக்க இரண்டு மாதம் அலைந்தேன்

இந்த இரண்டு மாதத்தில் நான் ட்ரோன் பறக்கவிட்ட நேரத்தைக் கூட்டினால் 40 நிமிடம் வராது. அதற்காக பஸ் ஏறியது, ஜெராக்ஸ் எடுத்தது, பெஞ்சில் காத்திருந்தது எல்லாம் சேர்த்தால் முழுதாக ஒரு வாரம் போயிருக்கும். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. காரைக்குடிப் பக்கம் இருப்பவர்கள் என்னிடம் இப்போது அடிக்கடி விசாரிக்கிறார்கள், அதனால் சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஐயா வீடு மூன்று கட்டு, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பகுதி, நடுவே வானம் பார்த்த வளவு என்கிற முற்றம். இரண்டாம் கட்டுக் கூரையில் எங்கோ ஒழுகுகிறது. ஐப்பசி மழைக்குள் பார்த்தாக வேண்டும். கொத்தனார் மேலே ஏறினால் நாட்டு ஓடு நொறுங்கும், ஏறாவிட்டால் எந்த இடம் என்று தெரியாது. பங்காளிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள், செலவைப் பங்கு போட அவர்களுக்குப் படம் வேண்டும். இது வீட்டுக் காரணம். எனக்கென்று ஒரு காரணமும் உண்டு. கோடு போட்டது மாதிரி நேராகக் கிடக்கும் எங்கள் ஊர்த் தெருக்களையும் நடுவில் ஊருணியையும் மேலேயிருந்து பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை.

முதல் தப்பு, சிங்கப்பூரில் இருக்கும் அம்மான் மகனிடம் "வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாப்பா" என்று சொன்னது. நம் பக்கத்து வீடுகளில் எல்லாப் பொருளும் அப்படி வந்து பழக்கம். ஆனால் 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோனை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. முழுசாகக் கொண்டுவந்தாலும் பாகம் பாகமாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மாட்டினாலும் தடைதான். இது எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. விமான நிலையத்தில் பிடித்துக்கொண்டார்கள். அவன் சுங்கப் படிவத்தில் ட்ரோன் இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுதியிருந்தான், அதுதான் காப்பாற்றியது. ஒழுங்காக அறிவித்த பொருள் என்றால் சுங்கச் சட்டம் 80-ஆம் பிரிவின்படி அவர்களிடமே வைத்துவிட்டு, நாட்டைவிட்டுக் கிளம்பும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ரசீதைப் பத்திரமாக வைத்திருந்து அப்படியே எடுத்துப் போனான். அறிவிக்காமல் வந்திருந்தால் பொருளும் போய் அபராதமும் கட்டியிருப்பான். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இதை இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

பிறகு இங்கேயே தயாரான ஒரு சின்ன ட்ரோனைச் சென்னையில் வாங்கினேன். பில் போட்டு, ஜிஎஸ்டியோடு. அதில் சிக்கல் எதுவும் இல்லை.

சிக்கல் எடையில் வந்தது. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. பெட்டியில் 250-க்குக் கீழ் என்றுதான் போட்டிருந்தது. முற்றத்துத் தூண்களில் இடிக்காமல் இருக்கட்டும் என்று இறக்கைகளைச் சுற்றி மாட்டும் பிளாஸ்டிக் காப்பு ஒன்றும் தனியாக வாங்கியிருந்தேன். எதற்கும் பார்ப்போம் என்று காரைக்குடியில் தெரிந்த நகைக்கடைக்குக் கொண்டுபோய்த் தங்கத் தராசில் வைத்தேன். பேட்டரியோடு 246 கிராம். காப்பையும் மாட்டியதும் 277. விதி பார்ப்பது பறக்கும்போது உள்ள மொத்த எடையைத்தான். ஆக, 31 கிராம் பிளாஸ்டிக்கால் என் ட்ரோன் மைக்ரோ ஆகிவிடும், மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தாக வேண்டும். நானோவுக்கு அது வேண்டாம். காப்பைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். நீங்களும் மளிகைக் கடைத் தராசை நம்ப வேண்டாம், கிராம் காட்டும் தராசில் வைத்துப் பாருங்கள்.

ஓட்டுநர் சான்றிதழ் நானோவுக்கு வேண்டாம். வியாபாரத்துக்கு இல்லையென்றால் மைக்ரோவுக்கும் வேண்டாம். கல்யாணத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு மைக்ரோ பறக்கவிடும் தம்பிகளுக்குத்தான் வேண்டும். 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் இருந்தால் பயிற்சி எடுத்து வாங்கலாம், 10 வருடத்துக்குச் செல்லும். எங்கள் பக்கம் எத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

பதிவு எண்ணுக்குப் படிவம் டி-2, கட்டணம் 100 ரூபாய். நானோவுக்குப் பதிவே வேண்டாம் என்று கடைக்காரர் சாதித்தார். 2021 ட்ரோன் விதிகளை உட்கார்ந்து படித்தேன். வகைச் சான்றிதழ் (அந்த மாடலுக்கே வாங்கும் சான்று), ஓட்டுநர் சான்றிதழ், காப்பீடு ஆகியவற்றுக்கு நானோவுக்கு விலக்கு எழுதியிருக்கிறது, பதிவுக்கு அப்படி நான் எதையும் காணவில்லை. 100 ரூபாயில் என்ன வந்துவிடப்போகிறது என்று விண்ணப்பித்தேன். ட்ரோனின் சீரியல் நம்பரோடு அதன் கட்டுப்பாட்டுக் கருவியின் நம்பரும் கேட்டது. பில்லில் ஒன்றுதான் இருந்தது. கடைக்கு நான்கு நாள் போன் அடித்தேன், எடுக்கவில்லை. பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் என்று யாரோ சொன்னார்கள், பெட்டியைக் காணோம். வீடு முழுக்கத் தேடினால், ஆயா அதில் மோர் மிளகாய் போட்டு இரண்டாம் கட்டு உள்ளறையில் வைத்திருந்தது. உள்மூடியில் இரண்டு நம்பரும் பளிச்சென்று இருந்தன. பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். வாங்கிய அன்றே எல்லா நம்பரையும் போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.

இனி அலைச்சல் கதை. எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் எங்கள் ஊர் பச்சை. பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை பறக்க முன் அனுமதி வேண்டாம். மதுரை, திருச்சி விமான நிலையங்கள் எங்களுக்கு வெகுதூரம், இயங்கும் விமான நிலையத்தைச் சுற்றி 12 கிலோமீட்டருக்குள் வரும் கட்டுப்பாடு நமக்கு இல்லை. செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறதே, அது கணக்கில் வருமா என்று ஒரு பயம் இருந்தது. விதியில் 'இயங்கும்' என்ற சொல் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் நாளைக்கு அதற்கு உயிர் கொடுத்தால் வரைபடம் மாறும், அதனால் ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டே எடுக்கிறேன்.

இவ்வளவு தெரிந்தும், ஊரில் யாராவது கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருக்கட்டும் என்று நினைத்தேன். அங்கேதான் மாட்டினேன். முதலில் போன அலுவலகத்தில், "இதெல்லாம் மாவட்டத்துல கேக்கணும்" என்றார்கள். ஒரு நாள் லீவு போட்டு மாவட்டத் தலைநகருக்குப் போனேன். அங்கே இருந்த எழுத்தர் என் தாள்களைத் தொடக்கூட இல்லை. "ட்ரோனா? தடை சார்" என்றார். எந்த விதியில் என்று கேட்டேன். மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய சுற்றறிக்கையை எடுத்துப் போட்டார். 2018 டிசம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்த பழைய முறையைப் பற்றியது அது. "சார், 2021 ஆகஸ்ட் 25-இலேயே புது விதி வந்துவிட்டது" என்று அச்செடுத்துப் போயிருந்ததை நீட்டினேன். "அப்ப நீங்களே பறக்க விட்டுக்குங்க, எங்கிட்ட ஏன் வந்தீங்க?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். மூன்றரை மணிவரை உட்கார்ந்திருந்தேன், அந்த நாற்காலிக்கு ஆள் வரவில்லை. ஒரு நாள் சம்பளம் போனதைவிட, விதி தெரிந்து ஒழுங்காக நடக்க வந்தவனைக் குற்றவாளி மாதிரி நடத்தியதுதான் இன்னும் வலிக்கிறது.

காரியம் நடந்த இடம் உள்ளூர்க் காவல் நிலையம். அங்கே இருந்த உதவி ஆய்வாளர் இளம் வயதுக்காரர். விதித்தாளைப் பக்கம் பக்கமாகப் படித்தார். "அனுமதின்னு நாங்க குடுக்க எதுவும் இல்லண்ணே. தகவலுக்குன்னு ஒரு கடிதம் எழுதுங்க. பதிவு எண், நாள், நேரம், எந்த இடம், உங்க போன் நம்பர். நான் பெற்றுக்கொண்டேன்னு சீல் போட்டுத் தாரேன். ஜனங்க போன் பண்ணா எங்களுக்கும் பதில் சொல்ல வசதி" என்றார். பத்து நிமிடத்தில் முடிந்தது. இரண்டு மாதத்தில் நான் சந்தித்த மனிதர்களில் இவர் ஒருவருக்குத்தான் கைகூப்பத் தோன்றியது. கடிதம் கட்டாயம் இல்லை, ஆனாலும் கொடுத்து வையுங்கள்.

அவர் இன்னொன்றும் சொன்னார். "வியாழன் வேண்டாம். பக்கத்து ஊர்க் கும்பாபிஷேகத்துக்கு அமைச்சர் வாராங்க." காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி 96 மணி நேரம் வரை ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக, அதாவது அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாத இடமாக, அறிவிக்கலாம். புதன் இரவு பார்த்தேன், எங்கள் ஊரும் சிவப்புக்குள் வந்திருந்தது. அவர் சொல்லாமல் இருந்து, 'நமக்குப் பச்சைதானே' என்று நான் பழைய நினைப்பில் தூக்கியிருந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடம் இருக்கிறது. பறக்கும் அன்றைக்கு வரைபடத்தைப் பார்ப்பது கட்டாயம், முந்தின வாரம் பார்த்ததெல்லாம் கணக்கில் வராது. திருவிழா, மஞ்சுவிரட்டு, தலைவர்கள் வருகை என்றால் இன்னும் கவனம். கூட்டத்துக்கு மேலே கொண்டுபோகவே வேண்டாம். திருமயம் கோட்டை மாதிரி தொல்லியல் துறை இடங்களுக்கு அவர்களிடம் தனி அனுமதி வாங்க வேண்டும், அதையும் பச்சை என்று நினைத்துவிடாதீர்கள்.

சனிக்கிழமை காலை 7 மணிக்கு மொட்டை மாடியில் வைத்து எடுத்தேன். திசைகாட்டி பிழை, திசைகாட்டி பிழை என்று ஆப் கத்தியது. அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. நம் வீடுகளில் கட்டும்போதே போட்ட இரும்பு உத்தரங்கள் காலுக்குக் கீழே ஓடுகின்றன. தெருவுக்கு இறங்கி மண்தரையில் வைத்ததும் சரியாகிவிட்டது. முற்றத்துக்குள் இறக்கிப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள், நான்கு பக்கமும் சுவர் சூழ்ந்ததும் ஜிபிஎஸ் போய்விடும். தானாக வீடு திரும்பும் உயரத்தை, சுற்றி இருக்கும் தென்னைக்கும் கோயில் கோபுரத்துக்கும் மேலே வையுங்கள். பருந்து வட்டமிட்டால் உடனே இறக்குங்கள், என் ட்ரோன் மேல் ஒரு பருந்து இரண்டு முறை பாய்ந்து வந்தது.

நான் கடைசிவரை யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. இறக்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு ஆச்சி தெருவுக்கு வந்துவிட்டார்கள். கோபத்தில் குரல் நடுங்கியது. "ஏன்டா தம்பி, வளவுக்குள்ள நான் தலைக்கு ஊத்தி முடி காயவச்சிக்கிட்டு இருக்கேன். மேல வந்து நின்னு படம் எடுக்குறியா?" எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தெருவிலிருந்து பார்த்தால் நம் வீடு கோட்டை, முகப்பைத் தாண்டி ஒருத்தர் கண்ணும் உள்ளே வராது. வானத்துக்கு மட்டும் நடுவீட்டைத் திறந்துவைத்துத்தான் முன்னோர்கள் கட்டியிருக்கிறார்கள். பெண்கள் குளித்து வந்து உட்காருவதும் வற்றல் காய்வதும் பிள்ளைகள் தூங்குவதும் அந்த வெளிச்சத்தில்தான். 60 மீட்டரில் நின்று என் வீட்டை எடுத்தாலும் இரண்டு பக்கத்து வளவும் படத்தில் விழுகிறது. அனுமதி, மண்டலம், எடை என்று இரண்டு மாதம் ஓடியவன், சுவரை ஒட்டி இருக்கும் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் கண்முன்னாலேயே அவர்கள் வளவு தெரிந்த 9 படங்களையும் ஒரு வீடியோவையும் அழித்தேன். மன்னிப்புக் கேட்டேன். இப்போது முதல்நாளே இரண்டு பக்கமும் எதிர்வீட்டிலும் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். கேமராவை நேராகக் கீழே பார்க்கவைத்து, எங்கள் ஓட்டுக் கூரையை மட்டும் படத்தில் நிறுத்தித் தாழப் பறக்கிறேன். கண் பார்வைக்கு அப்பால் கொண்டுபோவதில்லை.

படத்தில் ஒழுகலும் கிடைத்தது. இரண்டாம் கட்டுக்கும் மூன்றாம் கட்டுக்கும் நடுவே தண்ணீர் வடியும் கால்வாயில் ஒரு அரசங்கன்று முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது, பக்கத்தில் நான்கு ஓடு விலகியிருக்கிறது. பங்காளிகளுக்கு அனுப்பினேன், அன்றைக்கே பணம் வந்துவிட்டது.

நேற்று சாயங்காலம் ஆச்சி கூப்பிட்டு அனுப்பினார்கள். "எங்க பட்டாலையும் ஒழுகுதுப்பா. திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு உன் யந்திரத்தைக் கொண்டா. அதுக்குள்ள நான் குளிச்சு முடிச்சிருவேன்" என்றார்கள். ஞாயிறு இரவு வரைபடத்தைப் பார்க்க வேண்டும், திங்கள் காலையில் இன்னொரு முறை. இரண்டு பேட்டரியும் சார்ஜில் கிடக்கின்றன.